பயணச் செலவு: இல்லை

ஏழாம் வகுப்பைத் தீவுக்குக் கூட்டிப்போக
இரண்டு முறை எழுதிக் கேட்டேன்,
படகு விவரம், மிதவைச் சட்டை,
பெற்றோர் கையொப்பம் எல்லாம் இணைத்து.
'மெய்நிகர் களப்பயணமாக நடத்திக்கொள்ளவும்'
என்று திரும்பி வந்தது தாள்.

ஜன்னலைச் சாத்தினால்தான் திரை தெரியும்.
சாத்தினேன்.
வெளியே இருந்த தீவு போய்
சுவரில் ஒரு தீவு வந்தது.

சுட்டியைத் திருப்பத் திருப்பக் கடல் திரும்பிற்று.
பரமக்குடியிலிருந்து வந்து ஆறு வருஷமாகியும்
முழங்காலுக்கு மேல் கடலறியாத நான்
'இது மான்கொம்புப் பவளம், எழுதிக்குங்க' என்றேன்.

ரெக்சிலின் கை தூக்கினான்.
'எந்த மாசம் எடுத்தது டீச்சர்?'
அதில் போட்டிருக்கவில்லை.
'கச்சான் காத்துல தென்கடல் கலங்கியில்ல கிடக்கும்.
நீவாடு எந்தப் பக்கம்னும் தெரியல.'
ஹசீனாவுக்கு வேறு சந்தேகம்:
'இந்தக் கடல்ல சொறியே கிடையாதா?'

மறுவாரம் திருப்பூர்ப் பள்ளியொன்று
திரையில் எங்களைப் பனியன் கம்பெனிக்குக் கூட்டிப்போனது.
பஞ்சு பறந்தது. எங்கள் பிள்ளைகள்
இங்கிருந்தே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.
அடுத்தது எங்கள் முறை.

'பாலத்தக் காட்டலாம்.'
'பாலத்த எல்லாரும் பாத்தாச்சு.'
கை தூக்கச் சொன்னேன்.
பதினொன்றுக்குப் பத்தொன்பது. பாசிக்கரை ஜெயித்தது.

துடுப்புக் கட்டையில் என் போனைத்
தங்கூசி சுற்றிக் கட்டினான் ரெக்சிலின்.
உச்சிவெயில். சின்னப்பாலத்துக் கரை.
வள்ளத்திலிருந்து இறங்கி வந்தாள்
நம்புசெல்வியின் அம்மா பூமயில்,
தோளில் சொட்டும் சாக்கு,
விரல் விரலாகச் சுற்றிய கந்தல்,
கண்ணைச் சுற்றிக் கண்ணாடி பதித்த வட்டம்.

திருப்பூரிலிருந்து ஒரு சின்னக் குரல்:
'அக்கா, தண்ணிக்குள்ள என்ன சத்தம் கேக்கும்?'

பூமயில் சாக்கை இறக்கினாள்.
'பொரி வறுக்குற சத்தம்.
பார்கிட்டப் போகப் போகப் படபடன்னு கூடும்.
முங்குன உடனே…'

அங்கே திரை உறைந்தது.
முப்பத்தைந்து முகங்கள்
ஒருவன் கொட்டாவியின் பாதியில்.
பூமயிலுக்கு அது தெரியாது.
போனைப் பார்த்தே சொல்லிக்கொண்டு போனாள்,
திருப்பூருக்கு.

'…மூணாம் மடைக்கு நேரா ஒரு பாறை.
போன வருஷம் போனப்ப பொரியல.
அடுத்த நாளும் பொரியல.
மேல பாத்தா எல்லாம் அப்படியேதான் இருந்துச்சு.
பெறகு நான் அங்கன முங்குறதில்ல.
என்னமோ, ஆளில்லாத வீட்டுக்குள்ள
போன மாதிரி.'

நம்புசெல்வி அம்மாவைப் பார்த்தாள்,
பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த
வெளியூர்க்காரியைப் பார்ப்பதுபோல.
துடுப்பைப் பிடித்திருந்தவன்
லைன் போனதைச் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

அதற்குள் பாசி எடைபோடும் வண்டி போய்விட்டது.
'ஈரத்துக்குத்தான் அவன்ட்ட வெல' என்று
சாக்கைத் திரும்பத் தூக்கினாள்.
அன்று ராத்திரி அவர்கள் வாசலில்
கிடந்து நாறியதாம் கடல்.

படிவத்தை நிரப்பினேன்.
சென்ற இடம். மாணவர் எண்ணிக்கை.
தொழில்நுட்ப இடர்: இணைப்புத் துண்டிப்பு.
பயணச் செலவு என்ற கட்டத்தில்
'இல்லை' என்று முன்பே அச்சிட்டிருந்தார்கள்.
கற்றல் விளைவு, ஐம்பது சொற்களுக்குள்.
அதை மட்டும் விட்டுவைத்தேன்.

சனிக்கிழமை இடுப்பளவு வரை போனேன்.
சேலை முன்னே மிதந்தது.
குனிந்து ஒரு காதை மட்டும் முக்கினேன்.
மணல் உருளுகிற மாதிரி ஏதோ.
என் கம்மல்தானோ என்னவோ.

'அங்கன கேக்காது டீச்சர்!'
கரையிலிருந்து கத்தினான் ரெக்சிலின்.
'இன்னும் தள்ளிப் போகணும்.'