விருந்தாளிக் கோப்பை

பெய்ப்ஸி ஏரிக்கு அக்கரை இல்லை, கண்ணுக்கு.
வரைபடத்தில் உண்டு; அது வேறு நாடு.
இக்கரையில் ஒரே தெரு, ஏழு கிலோமீட்டர்,
இருபுறமும் வெங்காயப் பாத்திகள்.
தெரு முடிந்து
காற்று ஊரைவிட்டு விலகும் பக்கமாக
என் தொட்டிகள் மூன்று.

யார் வீட்டில் என்ன விசேஷம் என்று யாரும் சொல்வதில்லை எனக்கு.
தண்ணீராக வந்து சேரும்.
சனிக்கிழமை அந்தியில் குளியல் கொட்டகைகளின் வெந்நீர்,
சோப்பும் பிர்ச் இலைத் துணுக்குமாய்.
ஈஸ்டருக்கு முந்தின நாள் செம்பழுப்பு:
முட்டைக்குச் சாயமேற்ற வேகவைத்த வெங்காயச் சருகு.
சல்லடையில் ஒட்டியதை வாரியால் வழித்தெடுப்பேன்.
சாவு வீடென்றால்
நள்ளிரவு தாண்டியும் வரத்து நிற்காது.

ஸினோவி கூட்டத்தில் எழுந்து நின்றவர்.
"என் கழிவு என் வெங்காயத்துக்கு.
ஊராருடையதோடு ஏன் கலக்க வேண்டும்?"
அபராதக் கடிதம் வந்த பிறகே குழாய்க்குப் பள்ளம் வெட்ட விட்டார்,
அதுவும் பூசணிக்கொடியைச் சுற்றிக்கொண்டு.

அவர் வீட்டில் கோப்பை இரண்டு வகை.
நீல விளிம்பு வீட்டாருக்கு.
தனி ஆணியில் தொங்கும் வெள்ளை ஒன்று
என்னைப் போன்ற பிற சபைக்காரருக்கு.
பகை இல்லை, நியமம் என்பார்.
வெங்காய அப்பத்தை மட்டும் கேட்காமலே இன்னொன்று வைப்பார்.

ஜனவரியில், மைனஸ் இருபத்து நான்கில், மின்சாரம் போனது.
காற்றூதி நின்ற நிசப்தம்தான் என்னை எழுப்பியது.
காற்றில்லாமல் என் நுண்ணுயிர்கள் ஆறு மணி நேரம் தாங்கும்,
அதிர்ஷ்டம் இருந்தால் எட்டு.
பெயர் வைக்க முடியாத மந்தை.
ஆனாலும் கையுறையைக் கழற்றித்
தொட்டிச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன்,
காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.

நகராட்சியின் ஜெனரேட்டர் தார்த்துவில், பழுதுபார்ப்பில்.
தொலைபேசியில் ஒருத்தி "காலைக்குள்" என்றாள்.
எந்தக் காலை என்று சொல்லவில்லை.

நாலரைக்கு ஏரிப் பக்கமிருந்து ஒரு விளக்கு.
ஸினோவியின் பனிவண்டி: ஆளுயரச் சக்கரங்கள்,
எப்போதோ காராக இருந்த எஞ்சின்,
பின்னால் வலை, துளைக்கருவி,
கயிற்றால் இறுக்கிய ஜெனரேட்டர்.
"உனக்காக இல்லை, மாரெட்.
உன் குழாய்வாயிலிருந்து முந்நூறு மீட்டரில்
என் வலை கிடக்கிறது."
கேபிள் மாட்ட விரல் வளையவில்லை.
அவரவர் விரலை அவரவர் ஊதிக்கொண்டு நின்றோம்.
காற்றூதி இருமியது, மறுபடி இருமியது,
பிறகு பழுப்பு நுரை மெல்ல ஏறியது,
பால் பொங்கலாமா என்று யோசிப்பதுபோல.

விடிந்ததும் அவர் வீட்டில் தேநீர்.
எனக்கு அதே ஆணி, அதே வெள்ளை.
உலித்தா கழுவினாள்:
நீல விளிம்புகளுக்கு ஒரு பேசின், என்னுடையதற்கு வேறொன்று.
இரண்டையும் ஒரே துளையில் கவிழ்த்தாள்.
நான் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.
ஜாம் வேண்டுமா என்று கேட்டாள்.

அங்கிருந்து தொட்டிக்குத் தண்ணீர் வர ஐம்பது நிமிடம்.
நடந்தே முந்திவிட்டேன்.
கண்ணாடி உருளையில் ஒரு லிட்டர் மொண்டு
ஜன்னலோரம் வைத்தேன்.
கசடு இறங்க இறங்க மேலே தெளிவு
ஒரு விரல், இரு விரல்.
பதிவேட்டில் எழுதினேன்:
மின்தடை ஐந்தரை மணி நேரம்.
முப்பது நிமிடப் படிவு, முந்நூற்றுப் பத்து.
மணம், ஈரமண்.
உதவியவர் என்றொரு கட்டம் படிவத்தில் இல்லை.
ஓரத்தில் சேர்த்தேன்:
ஸினோவிக்கு, பெட்ரோல் பன்னிரண்டு லிட்டர்,
ஊர் தரவேண்டியது.