நான்தான்

நீச்சல் கண்ணாடிகளில் வாசலின் பூசியது
நானும் எலியாசரும், புதன்கிழமை காலை.
கேக் தட்டில் வெண்ணெய் தடவுவதுபோல
விரல்நுனியால், வட்டமாக.
சிலவற்றின் நடுவில் கறுப்பு நாடா,
நூறு பெசோ நாணயம் அளவுக்கு.
இரண்டில் மட்டும் காகிதக் கூம்பு.
ஆசிரியை நெவெங்கா பெயர் எழுதி ஒட்டினார்:
கண்புரை. விழித்திரைத் தேய்வு. கண் அழுத்தம்.
புந்தா அரேனாஸின் காற்று
மூன்றாம் மாடி ஜன்னலை
கடன் கொடுத்தவன்போலத் தட்டிக்கொண்டிருந்தது.

எலியாசருக்குக் கண்புரை.
எனக்குச் செவிலி வேடம். இருபது நிமிடம்.
கல்லூரி அணியின் கோல்கீப்பர் அவன்,
கட்டிலில் உட்கார்ந்து
தன் முழங்காலைத் தொட்டுப் பார்த்தான்,
அது அங்கேயேதான் இருக்கிறதா என்று.

மாத்திரை கொடுத்தேன். "இந்தா" என்றேன்.
இந்தா என்றால் எங்கே?
வெள்ளை விரிப்பு, வெள்ளைக் கிண்ணம்,
வெள்ளையாய் இரண்டு மாத்திரை.
ஒன்று உருண்டு எங்கோ போனது.
தண்ணீர்க் குவளையைக் கையில் திணித்தேன்;
கை இன்னும் வந்து சேரவில்லை.
சட்டை நனைந்தது.
"யாரு?" என்றான்.
"நான்தான்."

மணி அடித்ததும் கழற்றினார்கள்.
மூக்கின்மேல் சிவப்புத் தடம், ஒரே சிரிப்பு,
செல்போனில் படம்.
பிறகு படிவம்: இன்று என்ன உணர்ந்தீர்கள்?
எழுத மூன்று வரி.

மூலையில் ஓரியானா வித்தால்.
முப்பத்தாறு வயது,
மருத்துவமனைத் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை.
படிவங்களை வாசிக்கச் சொன்னாள்.
பயம். இருட்டு. பாவம் அவர்கள்.
கடவுளே நன்றி, எனக்குக் கண் இருக்கிறது.
பதினான்கு பேர் வாசித்தார்கள்.
பதினைந்தாவதை வேண்டாமென்றாள்.

"உங்களுக்குக் கிடைச்சது என் முதல் இருபது நிமிஷம்.
அது முடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு.
அன்னைக்கு நானும் டீயில் உப்புப் போட்டேன்.
அடுத்த வாரம் போடலை.
இப்போ முட்டை பொரிக்கிறேன், வாடகை கட்டுறேன்,
ஞாயிறானா தங்கச்சியோட சண்டை.
அதுக்கு ஒரு கண்ணாடி செய்ய முடியுமா, நெவெங்கா?"
நெவெங்கா வாசலின் டப்பாவை மூடினார்.
அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அப்புறம் அறை முழுவதற்கும் கேட்டாள்:
"யார் அந்த 'நான்தான்'?
ஊசி போட வர்றதும் நான்தான்,
சாப்பிடும்போதே தட்டை எடுத்துட்டுப் போறதும் நான்தான்,
ராத்திரி ரெண்டு மணிக்குச் சொல்லாம கொள்ளாம
கையைப் பிடிச்சுத் தூக்குறதும்.
இந்த ஊர்ல நிறையப் பேருக்கு அதே பேரு."
எல்லாரும் சிரித்தார்கள். என் காது சுட்டது.

கண்ணோட்டம் என்றால் இரக்கம்,
அந்தச் சொல்லின் பழைய பொருள் அதுதான்.
இருபது நிமிடமும் என் கண் ஓடியது
எலியாசரின் கண்ணாடிமேல்;
நாங்கள் பூசியது நன்றாக மறைக்கிறதா என்று.

மாலையில் சதுக்கத்து முனையில்
நகராட்சி கயிறு கட்டியிருந்தது.
பெருங்காற்று நாளில் கட்டுவார்கள், ஆள் விழாமலிருக்க.
மண்ணுக்குப் பயந்து கண்ணை மூடி,
கயிற்றைப் பிடித்து, ஒருவரையொருவர் இடித்து
ஊரே நகர்ந்துகொண்டிருந்தது.
ஓரியானா கோலை மடக்கிப் பைக்குள் வைத்தாள்.
ஓடிப்போய் முழங்கையைப் பிடிக்க இருந்தேன்.
கை பாதியில் நின்றது.

"யாஸ்னா. வகுப்பில் இருந்தேன்.
உங்கள் இடதுபக்கம் நிற்கிறேன். உதவி வேணுமா?"

"குவளைக்காரியா?" என்றாள்.
"உன் குரல் தள்ளாடுது.
முதல்ல நீ கயித்தைப் பிடி."

பிடித்தேன். ஈரமாக இருந்தது,
முன்னால் போனவர்களின் உள்ளங்கையால்.

வாசிக்காத பதினைந்தாவது படிவம் என்னுடையது.
இன்னும் பையில் இருக்கிறது.
மூன்று வரியில் ஒன்றில் மட்டும் எழுதியிருக்கிறேன்:
கட்டிலுக்கு அடியில் ஒரு மாத்திரை.