புலம்

மன்னார்குடி மேலராஜவீதியில்
ஜெராக்ஸ் கடைக்கு மேல் எங்கள் அலுவலகம்.
நெல் கொள்முதல் முன்பதிவுக்குப்
படிவம் எழுதியது நான்தான்.
வயலுக்கும் புலம் என்று பேர்,
திரையில் நான் போட்ட கட்டத்துக்கும் அதே பேர்.
அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

தை ஆறாம் தேதி, நள்ளிரவு தாண்டி
பிழைப் பதிவேட்டைத் திறந்தேன்.
ஒரே ஃபோன், ஒரே ஆள்.
கோ. வைரக்கண்ணு.
பெயரில் புள்ளிக்கு அனுமதி இல்லை.
எடுத்துவிட்டார்.
புல எண் 112/3அ.
தவறான வடிவம்.
112-3அ.
தவறான வடிவம்.
நூத்திப் பன்னண்டுல மூணு அ,
எழுத்திலேயே எழுதிப் பார்த்திருக்கிறார்.
பரப்பு ஏழு மா.
என் கட்டம் ஹெக்டேர் மட்டும்தான் தின்னும்.

ஒவ்வொரு பிழைக்கும்
முழுப் படிவத்தையும் துடைத்து
வெள்ளையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.
ஆதார் எண்ணிலிருந்து மறுபடி.
பன்னிரண்டு இலக்கம், பத்தொன்பது தடவை.
ஒரு தடவைகூட அவருக்குப் பிசகவில்லை.

கடைசிப் பதிவு இரவு 11.48.
புல எண் கட்டத்தில்
மழ வருது சார்
என்று இருந்தது.
ஃப்ரேம்வொர்க் அதையும் வாசித்துவிட்டு
இது எண் அல்ல என்றிருக்கிறது.
உண்மைதான்.

விடியும்வரை உட்கார்ந்தேன்.
புள்ளிக்கு வழி விட்டேன்.
சாய்கோடோ சிறுகோடோ வெற்றிடமோ
எது வந்தாலும் ஒன்றாக்கிக்கொள்.
மா என்றால் முப்பத்துமூன்று சென்ட், நீயே பெருக்கு.
எண்ணாக மாற்ற முடியாமல் அது வீசியெறியும் பிழை
ஆளின் முகத்தில் போய் விழாமல்
நடுவில் கையேந்திப் பிடித்தேன்.
அவர் எழுதியது எழுதியபடியே
கட்டத்தில் இருக்கட்டும்.
தவறான வடிவம் என்ற வரியை அழித்துவிட்டு,
ரொம்ப நேரம் கழித்து,
பட்டாவில் உள்ளபடி எழுதுங்கள், 112/3அ போல
என்று போட்டேன்.

ஹெப்சிபா வந்ததும் பார்த்துவிட்டு
உதாரணத்துக்கு யார் வயலடி இது என்றாள்.
மாற்றினேன்.

பதினோரு மணிக்குள் நாற்பது பேர்,
முக்கால்வாசி புள்ளியோடு.
அந்த ஃபோன் வரவில்லை.
வடுவூர்ப் பக்கம் ராத்திரி நல்ல மழையாம்,
களத்துக் குவியலுக்குத் தார்ப்பாய் போதவில்லையாம்.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு,
ஈரப்பதம்.
பதினேழுக்கு மேல் எடுக்க மாட்டார்கள்.
அதுவும் நான் எழுதியதுதான்.
இருபத்தொன்று என்று அடித்துப் பார்த்தேன்.
வடிவம் சரி என்றது.