இடப்பக்கம் தேய்ந்த சீற்

"மூண்டையும் ஓடிப் பார்த்து
ஒரு தாளில எழுதித் தா" என்றார்
உதுமாலெப்பை ஹாஜியார்.
ஏற்றச் சொன்னால் ஏற்றுவேன்,
எழுதச் சொன்னால் வியர்க்கும்.
மகளின் கணக்குக் கொப்பியில் நடுத்தாள் கிழித்து
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

சம்மாந்துறையில் அன்று கச்சான் அடித்தது.
ஆலைக்குப் பின்னாலிருந்து உமி எழும்பி வந்து
லொறிக்காரரின் பிளேன்ரீயில் விழுந்தது.
எந்த ஃபோர்க்லிப்டுக்கும் இங்கே முதல் பரீட்சை அதுதான்:
றேடியேற்றருக்குள் உமி போனால்
எந்த நாட்டு இரும்பும் இருமும்.

மஞ்சள் கொமட்சு.
கியர் இறுக்கம், பிரேக் நல்லம்.
நாற்பது மூட்டைப் பலகையை
உச்சி அடுக்கில் வைத்துவிட்டு இறங்கும்போது
கம்பம் ஒருதரம் முனகியது.
சங்கிலியா, உருளையா என்று
காரைதீவுச் சுவேந்திரன் காதை வைத்துக் கேட்டான்.
"சாமான் பஞ்சிகாவத்தையில கிடைக்கும்.
விலையக் கேட்டுட்டு
கொஞ்ச நேரம் கடை வாசல்ல குந்தி இருக்கணும்."

பச்சை, சீனாவிலிருந்து புத்தம் புதுசு.
பற்றரி. சத்தமே இல்லை.
குறுக்கே வந்த றாசிக்
என் உம்மாவை இழுத்து ஏசிய பிறகுதான்
அவன் அங்கே நின்றதே எனக்குத் தெரியும்.
புகையும் இல்லை.
அரிசியில் டீசல் மணக்குது என்று
கொழும்புக் கடைக்காரன் இனி
மூக்கால் விலை குறைக்க ஏலாது.
ஆனால் கரண்ட் போகும் நாளில் அது
எழுபது லட்சத்துக்கு ஒரு கதிரை.

மூன்றாவது, ஜப்பானில் ஓடிக் களைத்த
செம்மஞ்சள் டொயோட்டா.
மீற்றரில் பதினோராயிரத்து நானூறு மணித்தியாலம்.
"கை வைக்காத மீற்றர்" என்று
சாய்ந்தமருது நியாஸ்தீன் சத்தியத்துக்கு வாயெடுத்தார்.
தேவையில்லை என்றேன்.
சீற்றின் வலப்பக்கத் தோல் பளபளவென்று கிடக்க
இடப்பக்க விளிம்பு மட்டும்
பஞ்சு தெரியத் தேய்ந்திருந்தது.
முன்னால் நிற்கும் கம்பம் கண்ணை மறைக்கும்,
இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்தே
அத்தனை மணித்தியாலமும் ஓடியிருக்கிறான் எவனோ.
எந்தத் துறைமுகம், எந்தக் கிட்டங்கி,
ஏற்றியது மீனா கடுதாசியா,
ஒன்றும் தெரியாது.
பின்னேரமானால் அவனுக்கும்
இடுப்பில் இந்த இடம்தான் பிடித்திருக்கும்.
ஏறி இருந்தேன்.
எனக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

பாரம் ஏற ஏற லொறி மூன்றங்குலம் தாழும்,
மேடைக்கும் லொறிக்கும் நடுவில் போட்ட
இரும்புத் தகடு துள்ளும்.
மற்ற இரண்டும் அதில் பதறின.
இது,
வாய்க்காலுக்குள் இறங்கும் எருமைபோல
ஒரு மூச்சு விட்டுவிட்டுக் கடந்தது.

தாளை விரித்தேன்.
மஞ்சள்: பரவாயில்லை, சங்கிலி பார்க்கணும்.
பச்சை: மாரியில் மேடையடிக்கு வெள்ளம் வரும், யோசிக்கணும்.
செம்மஞ்சளுக்கு நேரே
பேனையை வைத்து நெடுநேரம் நின்றேன்.
பிறகு எழுதினேன்:
சீற் இடப்பக்கம் தேய்ந்திருக்கிறது.

ஹாஜியார் அதைக் குறையென்று வாசித்தார்.
லீசிங்காரரும் புதுசுக்குத்தான்
கையெழுத்து வைப்பார்களாம்.

திங்கட்கிழமை பச்சை வந்தது.
சீற்றில் பொலித்தீன் இன்னும் கழற்றவில்லை,
சாய்ந்தேன், சரசரத்தது.
நியாஸ்தீனுக்குக் கோல் எடுத்து
அந்தச் சீற்றை மட்டும் கழற்றித் தர ஏலுமா என்று கேட்டேன்.
சிரிக்கிறார் என்று நினைத்தேன்,
லைன் அறுந்திருந்தது.

மீற்றரில் நான்கு மணித்தியாலம்.
கொழும்பு லொறி பின்பக்கமாய் வந்து மேடையில் முட்டியது.
பலகைக்குக் கீழே முள்ளை நுழைத்துத் தூக்கினேன்,
ஒரு சத்தம் இல்லை.
"றாசிக், விலகு!" என்று கத்தினேன்.