ஏழு புள்ளி நான்கு

வெண்டெல் தண்ணீருக்கு நாடி பார்ப்பவன்.
செகெத் நகரத்து வெந்நீர்க் குளங்களில்
இரண்டு மணிக்கொரு தரம்
கண்ணாடிக் குழாயில் ஒரு மடக்கு மொண்டு
சிவப்புத் துளி விட்டுக் குலுக்குவான்.
மஞ்சளானால் புளிப்பு.
ரோஜாவானால் காரம்.
நடுவே, ஆப்ரிகாட் பழம் கன்றியதுபோல்
ஒரு நிறம் வந்தால்
பேரேட்டில் எண்ணை எழுதிக் கையொப்பமிடுவான்.

வயிற்றுக்கு அப்படியொரு குழாய் இல்லை.
இரவு பத்துக்குக் குளம் பூட்டி
பத்தரைக்கு வீடு.
கொழுப்புத் தடவிய ரொட்டி, ஊதா வெங்காயம்,
மிளகாய்த்தூள் சிவக்கச் சிவக்க மிதக்கும் மீன் சூப்,
சோடா கலந்த வெள்ளை ஒயின் இரண்டு தம்ளர்.
பதினொன்றுக்குக் குறட்டை.
ஒரு மணிக்கு எழுந்து உட்காருவான்,
தொண்டைவரை தீ.
சமையலறை இருட்டில் கரண்டி கிணுகிணுக்கும்.
வெள்ளைப் பொடி நுரைக்கும்.
பிறகு, திசா ஆற்றங்கரை நாயொன்று
பதில் குரைக்கும்படி ஓர் ஏப்பம்.

எங்கள் வீட்டில் காரம் இரண்டு.
சிவப்புக் காரம் எரிக்கும்,
வெள்ளைக் காரம் அணைக்கும்.
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவர்
என் புருஷனைப் போல்
நடுராத்திரியில் விழித்தவராயிருக்க வேண்டும்.

சென்ற வசந்தத்தில்
பம்பு அறைக் கூட்டாளி கெல்லெர்ட் சொன்னான்:
உன் உடம்பே புளித்துவிட்டது, வெண்டெல்.
ஒரு டப்பா சோதனைத்தாளும் தந்தான்.
மூன்று வாரம் வெள்ளரித் தண்ணீர், கீரைச் சாறு.
காலைச் சிறுநீரில் தாளை நனைத்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நிற்பான்,
வைரம் பார்க்கும் வியாபாரி மாதிரி.
ஒருநாள் அந்த எண்ணை
மறதியாய்க் குளத்துப் பேரேட்டில் எழுதிவிட்டான்.
மேலாளர் பதறி
மூன்றாம் குளத்தை மூடினார்.
நாற்பது பேர் நீச்சலுடையில் நின்று
பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள்.

அதன் பிறகுதான் மருத்துவர் ஓர்ஷோயாவிடம் போனோம்.
அவள் தாள்களைக் குப்பைக்கூடையில் போட்டாள்.
"உங்கள் ரத்தம் ஏழு புள்ளி நான்கு.
எலுமிச்சை தின்றாலும் சரி, எருமையைத் தின்றாலும் சரி.
மூச்சும் சிறுநீரகமும் தூங்காமல் பார்த்துக்கொள்கின்றன.
நீங்கள் அளந்தது
அவை வாசலில் கொட்டிய கழிவை."
வெண்டெல் சிரித்துவிட்டான்.
ஏழு புள்ளி நான்கு அவன் முதல் குளத்தின் எண்.
இத்தனை வருஷம் வெளியே காத்ததை
உள்ளே யாரோ
சம்பளமில்லாமல் காத்திருக்கிறார்கள்.

"அப்போ எரிவது?"
"அமிலம் அதன் இடத்தில்தான் இருக்கிறது.
மேலே ஒரு கதவு தளர்ந்திருக்கிறது.
நிரம்பிய வயிற்றைச் சாய்த்தால்
கதவு என்ன செய்யும், பாவம்?"
இரண்டு வாரத்துக்கு மாத்திரை எழுதினாள்.
பெல்ட்டைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது ஆறரை மணிக்கு
பம்பு இரைச்சலுக்கு நடுவே
நான் தூக்கில் கொண்டுபோகும் உருளைக்கிழங்கும் கோழியும்
மென்று தின்கிறான்.
இரவில் வீட்டுக்கு ஆற்றோரமாய் நடந்து வருகிறான்.
மீன் சூப் ஞாயிறு மதியத்துக்கு மட்டும்,
அதிலும் கெஞ்சி ஒரு கரண்டி கூடுதல்.
கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கடியில்
தலா இரண்டு செங்கல்.

செங்கல்லைப் பற்றி மருத்துவர் என்னிடம் சொல்லாதது:
சரிவில் அமிலம் இறங்கும், மனைவியும் இறங்குவாள்.
விடியும்போது என் பாதம்
கால்மாட்டுப் பலகையில் முட்டி நிற்கும்.
நனைந்த துண்டை இழுப்பதுபோல்
அக்குளில் கைகொடுத்து
மேலே இழுத்துவிடுவான்.

நேற்று ஒரு மணிக்கு
எனக்கு விழிப்புத் தட்டியது, பழக்கம்.
கரண்டிச் சத்தத்துக்குக் காத்திருந்தேன்.
அவன் இடப்பக்கம் ஒருக்களித்து
வாய் திறந்து தூங்கினான்.
தூக்கம் வராமல் சமையலறைக்குப் போய்
ஜாடி திறந்து
ஊறிய வெள்ளரிக்காய் ஒன்று எடுத்தேன்.
நறுக்கென்று கடித்ததும்
ஆற்றங்கரையில் நாய் குரைத்தது.