வியாழக்கிழமை அளவுகள்

நார்வாவில் மதியம் மூன்று. பய்சாந்தூவில் காலை பத்து.
திரையில் முதலில் வருவது எப்போதும்
வாஷிங்டன் சாரின் நெற்றி.
அது அவர் பெயர்தான். உருகுவேயில் அப்படி வைப்பார்களாம்.
பிறகுதான் பிள்ளைகள்,
ஒரே மாத்தே கிண்ணம் கைமாறிக் கைமாறி.

திட்டத்தின் பெயர் 'உலகக் குடிமக்கள்'.
எங்களைச் சேர்த்து வைத்த காரணம் எளிது:
இரண்டு ஊருக்கும் எல்லை ஓர் ஆறு,
ஆற்றின் மேல் ஒரு பாலம்,
எதிர்க்கரையில் இன்னொரு நாடு.
வியாழன்தோறும் வாளி இறக்கி
வெப்பம், கலங்கல், மிதந்து வந்தவை
என்று அட்டவணை நிரப்ப வேண்டும்.

அவர்கள் பக்கம்
இருபத்தைந்து டிகிரி. கலங்கல் அதிகம்.
ஆகாயத்தாமரைத் திட்டு மூன்று, ஒன்றின் மேல் பாம்பு.
ப்ராயன் பாலம் கடந்து போய்
அர்ஜென்டினாவில் மலிவாக எண்ணெய் வாங்கி வந்தான்.
அதையும் எழுதியிருக்கிறான்.

எங்கள் பக்கம்
இரண்டு டிகிரி. வாத்து ஏழு.
பாலத்தில் ஆட்கள், பெட்டியோடு, வரிசையில், காலையிலிருந்து.
ஹெலியே டீச்சர் அந்த வரியை
அடிக்கவும் இல்லை, சரி என்று குறியிடவும் இல்லை.

'ஆறு யாருக்குச் சொந்தம்?' என்றொரு கேள்வித்தாள்.
மீனுக்கு என்று எழுதினால் மதிப்பெண் போடுவார்கள் என்றான் ப்ராயன்.
எங்கள் யாரோஸ்லாவ்
வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனான்.

மூன்றாம் வாரம் படிவம் வந்தது.
பெயர். வயது. குடியுரிமை. பெற்றோரின் குடியுரிமை.
அப்பாவின் சாம்பல் நிறப் பாஸ்போர்ட்டை
ரொட்டிப் பெட்டிக்குப் பக்கத்தில் விரித்து வைத்து
இருப்பதை இருந்தபடி எழுதினேன்:
தீர்மானிக்கப்படாதது.
முப்பது வருடமாய் அதே சொல்.
புகைப்படம் மட்டும் புதுப்பித்துக்கொள்கிறது.

மறுநாள் நஹியாராவின் செய்தி,
மொழிபெயர்ப்பு இயந்திரம் மென்று துப்பிய வாக்கியத்தில்:
'உன் அப்பாவுக்குக் கிடைத்தது எனக்கும் வேண்டும்.
அதற்கு என்ன தேர்வு எழுத வேண்டும்?'

அப்பாவிடம் காட்டினேன்.
கண்ணாடி போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.
'தேர்வு எழுதாமல் இருந்தால் போதும் என்று சொல்.'
சூப் ஆறும்வரை சிரித்தார்.
பிறகு பாத்திரம் கழுவும்போது, முதுகைக் காட்டிக்கொண்டு,
'நான் மூன்று முறை எழுதினேன்' என்றார்.
அது எனக்குத் தெரியாது.
அவளுக்கு முதல் வாக்கியத்தை மட்டும் அனுப்பினேன்.

ஒன்றை யாரிடமும் சொல்லவில்லை.
பகல் ஒன்றுக்கு, அங்கே இரண்டு,
எதிர்க்கரை நடைபாதையில் ஒரு சிவப்புக் குடை வரும்.
ரிம்மா அத்தை.
நூற்றைம்பது மீட்டர் இருக்கும். முகம் தெரியாது, குடை தெரியும்.
மழை இல்லாத நாளிலும் விரிப்பாள்.
மிதந்து வந்தவற்றில் சேராது என்பதால்
'பிற' என்ற கட்டத்தில் எழுதிவந்தேன்:
சிவப்புக் குடை, ஒன்று.
ஆறு வாரம் எழுதினேன். இங்கே யாரும் கேட்கவில்லை.

மார்ச் கடைசியில் எங்கள் கடிகாரம் ஒரு மணி முன்னே நகர்ந்தது.
அத்தைக்கும் எனக்கும் அக்டோபர் வரை ஒரே நேரம்.
பய்சாந்தூ இன்னும் ஒரு மணி தள்ளிப் போய்விட்டது.

ஏப்ரலில் ஒரு வியாழன்.
ஐந்து டிகிரி. கலங்கல் நடுத்தரம்.
மரக்கிளை, ஒற்றைக் கையுறை.
பிற:
வாளித் தண்ணீர் ஆடி அடங்கும்வரை நின்றேன்.
பிறகும் நின்றேன்.
விரல் மரத்துப்போனதும்
கட்டத்தைக் காலியாகவே அனுப்பினேன்.

அங்கே விடிந்து அரைமணிகூட ஆகியிருக்காது.
பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்திருப்பாள்.
கைப்பேசி அதிர்ந்தது.
நஹியாரா, இந்த முறை இயந்திரம் இல்லாமல்,
கோணல்மாணலான ரஷ்ய எழுத்தில்,
ஓர் எழுத்து தலைகீழாக:

குடை எங்கே?