எட்டும் பதினேழும்

கட்டபெட்டில் மூன்றரைக்கே மேகம் இறங்கிவிட்டது.
ட்யூப்லைட்டைப் போட்டேன்.
எடைமேடைக் கணினி ஒற்றை வரியில் சொன்னது:
பதிப்பு பொருந்தவில்லை.

காலையில் நான் செய்த காரியம்தான்.
ஏல விவரம் அனுப்பும் புது மென்பொருள்
ஜாவா பதினேழு வந்தால்தான் வாய் திறப்பேன் என்றது.
ஏற்றினேன்.
எடை போடும் பழைய நிரலுக்கோ
எட்டைத் தவிர எதுவும் எட்டாது.
அதை எழுதிய மேட்டுப்பாளையத்துப் பையன்
இப்போது எந்த நாட்டில் என்று
அவன் போன் நம்பருக்கே தெரியவில்லை.

'ஏதாவது ஒண்ணைத் தூக்கிடுங்க மேடம்'
என்றார் சூப்பர்வைசர் தர்மசீலன்,
எலி விழுந்த பொறியைப் பார்ப்பதுபோல் திரையைப் பார்த்து.
தூக்கினேன்.
அவசரத்தில் ஒரு நட்சத்திரக் குறி
கூடுதலாக விழுந்திருக்கிறது.
இவையும் சேர்ந்து போகும், சரியா? என்று
மரியாதையாகத்தான் கேட்டது.
கடன் பத்திரத்தையே படிக்காமல் கையெழுத்துப் போட்டவள் நான்.
சரி என்றேன்.

எட்டு போனது. பதினேழு போனது.
போனஸ் கணக்கு வைத்திருந்த விரிதாளும்
அவற்றின் வாலைப் பிடித்துக்கொண்டு போனது.
சுவர்ப்படத்துக் காட்டெருமை மட்டும்
அசையாமல் என்னைப் பார்த்தது.

வெளியே லாரி பின்வாங்கும் சத்தம்.
சாக்குக்குள் இலை சூடேறினால்
நாளைத் தூளில் தெரியும்,
அடுத்த வாரம் விலையில் தெரியும்,
அதற்கடுத்த வாரம் என் மேசைக்கு வரும்.

சும்மா இருக்க முடியாமல்
நேற்றைய சீட்டையாவது கொடுப்போம் என்று
ஜன்னலில் நின்று 'கெம்பி!' என்றேன்.
சீட்டு ஓரசோலை கெம்பியுடையது.
வந்தது நெடுகுளா கெம்பி.
வாங்கி, மடித்து, இடுப்பில் செருகப் போனாள்.
அவள்மேல் தப்பில்லை.
பேர் அவள் பேர்தான்.
பக்கத்தில் நின்றதும் அவள்தான்.

கணினியும் இப்படித்தானே கூப்பிடுகிறது.
ஜாவா என்று வெறும் பேரைச் சொல்லி,
பாதை வரிசையில் முதலில் நிற்பவரை
உள்ளே விட்டுவிடுகிறது.

சில்வர் ஓக் பக்கத்து ஜன்னலில் மட்டும்
ஒரு கோடு சிக்னல் வரும்.
போனை அங்கே சாய்த்து வைத்து
இரண்டையும் திரும்ப இறக்கினேன்.
நாற்பது நிமிடம்.
பதினேழு பொதுவில் இருக்கட்டும்.
எடைமேடைக்கு மட்டும் தனியாக இரண்டு வரி எழுதினேன்:
எந்த அடைவு, அதற்குள் எந்த அடைவு,
அங்கே இருக்கும் எட்டு.
ஊர், தெரு, கதவு எண் எல்லாம் போட்டு
தபால் எழுதுவதுபோல.

திரையில் சுழி விழுந்தது.
பூஜ்யம் கிலோ பூஜ்யம் கிராம்.
இன்று நான் பார்த்த நல்ல எண் அது ஒன்றுதான்.

ஓரசோலை கெம்பியின் சாக்கு ஏறியது.
இருபத்துமூன்று நானூறு.
ஈரத்துக்கு இரண்டு விழுக்காடு
நிரல் தானாகவே கழித்துக்கொண்டது.
'மழையே பெய்யலை,
மேகத்துக்கும் பிடிப்பீங்களா?' என்றாள்.

தர்மசீலன் லாரிப் பக்கம் போய்விட்டார்.
நான் சீட்டைக் கிழித்து,
அச்சடித்த பேருக்குப் பக்கத்தில்
பேனாவால் ஊரை எழுதிக் கொடுத்தேன்.